மாஸ்கிங் ஃப்ளூயிட் பாட்டிலைக் கொடுத்தது நான்

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். எங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர்கள் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நடந்ததைப் பலர் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கு வாட்ஸ்அப் சொல்லியிருக்கும். பதினோராம் வகுப்புக்குப் போகிற ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்த பைபிளை ஒரு பெரியவர் வாங்கினார். கிழிந்துபோன பக்கத்தை விரித்து, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். "வேதப்புத்தகத்தை இப்படிப் பண்ணுவதற்குத்தான் உன்னை வளர்த்தார்களா?" என்று கேட்டார். பிள்ளை அழுதுகொண்டே போய்விட்டாள். அன்று சாயங்காலமே, சனிக்கிழமை நடக்கும் பைபிள் ஜர்னலிங் வகுப்பை நிறுத்த வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு எழுந்துவிட்டது.

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆள் மாறிவிட்டது. அந்தப் பக்கம் கிழிந்ததற்குக் காரணம் அந்தப் பிள்ளை அல்ல. 31 வருடம் அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பித்த நான்தான். மாஸ்கிங் ஃப்ளூயிட் பாட்டிலை அவள் கையில் கொடுத்தது நான். அதை பைபிள் தாளில் ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்காமல் கொடுத்ததும் நான். இதை வாசலில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காக. பைபிள் ஜர்னலிங் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வாசித்த வசனம் மனதில் என்ன செய்ததோ, அதை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதியோ வரைந்தோ வைப்பது. மாஸ்கிங் ஃப்ளூயிட் என்பது வாட்டர்கலர் வரைகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு திரவம். தாளில் எந்த இடம் வெள்ளையாகவே இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இதைத் தடவி, காயவிட்டு, அதன் மேலேயே தாராளமாக வண்ணம் அடிக்கலாம். வண்ணம் காய்ந்ததும் விரலால் தேய்த்தால் அது ரப்பர் தோலாக உரிந்து வரும். அடியில் வெள்ளை அப்படியே இருக்கும். நல்ல வாட்டர்கலர் தாளில் இதைச் செய்து காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் எத்தனையோ தடவை கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவந்தது அவளுடைய பாட்டியின் பைபிள். பாட்டி போன வருடம் கர்த்தருக்குள் போய்விட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்த மனுஷி. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், தினமும் வாசித்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் ஒன்றிரண்டு வார்த்தையும் எழுதிவைப்பார். 121-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும், அவள் பிறந்த தேதியும் இருந்தன.

அந்தச் சங்கீதம் மலைகளைப் பார்த்துத் தொடங்குவது. பேத்தி அந்தப் பக்கத்தில் நம் ஊர் மலையையும் அதன் பின்னால் விடியலையும் வரைய ஆசைப்பட்டாள். "டீச்சர், பாட்டி எழுதினதும் வசனமும் மறையக்கூடாது" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். "அப்படியென்றால் அந்த இடத்தில் மாஸ்கிங் ஃப்ளூயிட் போடு மக்களே, பாதுகாப்பாக இருக்கும்" என்றேன். என் வாயால் சொன்ன வார்த்தை அது. மழை நாள். காய நேரமாயிற்று. ஹேர் டிரையர் பிடித்தோம். மேலே வண்ணம் அடித்தாள். அழகான நீலம். அதுவும் காய்ந்த பிறகு விரலால் உருட்டினாள். ரப்பர் வந்தது. அதோடு தாளும் வந்தது. வசனத்தில் பாதியும் பாட்டியின் கையெழுத்தும் அந்த ரப்பர் சுருளில் ஒட்டிக்கொண்டு வந்தன. மறுபக்கத்துச் சங்கீதத்திலும் ஓட்டை.

பாதுகாக்கப் போட்டது பறித்துக்கொண்டு போனது. இதில் பிள்ளையின் அவபக்தி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

மாஸ்கிங் ஃப்ளூயிட் என்பது என்ன? ஏதோ வெளிநாட்டு ரசாயனம் என்று நினைக்காதீர்கள். அடிப்படையில் அது ரப்பர் பால்தான். நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் சிரட்டையில் சொட்டுகிற அதே பால். உறைந்துபோகாமல் இருக்க அமோனியா சேர்த்து, தடவிய இடம் கண்ணுக்குத் தெரியச் சிலவற்றில் கொஞ்சம் மஞ்சளோ நீலமோ கலந்து, சின்ன பாட்டிலில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை அந்த அமோனியாவுடையது. நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத ஒரு பாடம் உண்டு: ரப்பர் பால் துணியில் பட்டால் போகாது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அதற்கென்று ஒரு பழைய துணி வைத்திருப்பதே அதனால்தான். நூலுக்குள் இறங்கி உறைந்துவிட்டால் நூலைப் பிய்த்தால்தான் ரப்பர் வரும்.

தாளும் நார்தான். வாட்டர்கலர் தாள் 300 ஜி.எஸ்.எம். கனத்தில் வரும். ஜெலட்டினோ வேறு பசையோ சேர்த்துத் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காதபடி செய்திருப்பார்கள். அதனால் ரப்பர் பால் மேலேயே நின்று, மேலேயே காய்ந்து, மேலேயே உரிந்து வருகிறது. பைபிள் தாள் ஏறக்குறைய 30 முதல் 40 ஜி.எஸ்.எம். வரைதான். ஜெராக்ஸ் தாளில் பாதி கனம். அதற்குள் மறுபக்க எழுத்து தெரியாமல் இருக்க வெள்ளைப் பொடிகளைக் கலந்திருப்பார்கள். படிப்பதற்காகச் செய்த தாள் அது. புரட்டுவதைத் தாங்கும், உரிப்பதைத் தாங்காது. பால் நேராக நாருக்குள் இறங்கும். அதன்மேல் ஹேர் டிரையர் சூடும் பட்டால் கேட்கவே வேண்டாம், ரப்பர் தாளை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். தனித்தனியாக எல்லாம் தெரியும். ரப்பர் பால் என்ன செய்யும் என்று தெரியும், பைபிள் தாள் எவ்வளவு மெல்லிசு என்று தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை? விடியோ பார்த்தேன். அவ்வளவுதான். ஒரு பெண்மணி பைபிள் பக்கத்தில் இதைத் தடவி, வண்ணம் அடித்து, உரித்து, சிரித்தார். 31 வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு எட்டு நிமிட விடியோவை நம்பினேன்.

அதனால் இப்போது விடியோக்காரர்களிடமும், இதை "எளிய டெக்னிக்" என்று சபை சபையாகச் சொல்லித்தருகிறவர்களிடமும் என் சண்டை.

நீங்கள் காட்டுவது பெரும்பாலும் ஜர்னலிங்குக்கென்றே அச்சடித்த ஆங்கில பைபிள். ஓரத்தில் இரண்டு அங்குலம் வரை காலி இடம் விட்டிருப்பார்கள். நம் வீடுகளில் இருக்கிற தமிழ் பைபிளில் இரண்டு பத்தி, பொடி எழுத்து, ஓரத்தில் ஒரு விரல் வைத்தால் இடம் முடிந்தது. உங்கள் வித்தையை அப்படியே இங்கே செய்தால் வண்ணம் விழுவது காலி ஓரத்தில் அல்ல, வசனத்தின் மேல். இதை ஒருவராவது சொன்னீர்களா? எந்தத் தாளில் செய்கிறீர்கள், அதற்கு முன் என்ன பூசினீர்கள் என்று எத்தனை பேர் சொல்கிறீர்கள்? உரிந்து நாசமான பக்கத்தை விடியோவில் காட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் கற்பிக்கிறவர் காட்ட வேண்டியது அதைத்தான்.

"முதலில் கிளியர் ஜெஸ்ஸோ பூசினால் கிழியாது" என்று இதற்குள் யாராவது கருத்துப் பெட்டியில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். உண்மைதான், ஓரளவு கிழியாது. இந்த வாரம் நானே வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கரையான் அரித்து இனி வாசிக்கவே முடியாத ஒரு பழைய புத்தகம், அதே மாதிரி மெல்லிய தாள். ஜெஸ்ஸோ பூசிய துண்டில் ரப்பர் சுத்தமாக உரிந்தது. பூசாமல் ஒரு மணி நேரத்தில் உரித்த துண்டில் மேல்தோல் பஞ்சுபோல எழும்பி, எழுத்து மங்கியது. ஒரு இரவு விட்டு உரித்ததும், சூடு காட்டி உரித்ததும் கிழிந்தன.

ஜெஸ்ஸோதான் வழி என்றால், அதையும் முழுசாகச் சொல்லுங்கள். ஜெஸ்ஸோ பூசிய பக்கம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்கிறது. உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. ஒரு பக்கம் என்றால் பரவாயில்லை. ஐம்பது பக்கம் பூசினால் புத்தகம் மூடாது, தையல் விடும், முதுகு பிளக்கும். வாசிப்பதற்கான புத்தகத்தை வாசிக்க முடியாத ஆல்பமாக ஆக்கிவிட்டு, "கிழியவில்லை பார்" என்று சொல்வதில் என்ன பெருமை?

இதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. வாட்டர்கலரில் வெள்ளை என்பது நாம் அடிக்கிற நிறம் இல்லை, தாளுடைய நிறம். எங்கே தொடக்கூடாது என்று முன்பே முடிவுசெய்து, தூரிகையை அந்த விளிம்பில் நிறுத்துவதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதல் மாதம் முழுக்க இதைத்தான் கற்பிப்பேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடு, அலை நுரை, மழைத்துளி மாதிரி கையால் விட்டு வரைய முடியாத இடங்களுக்குத்தான் மாஸ்கிங் ஃப்ளூயிட். பைபிள் பக்கத்திலோ எதை விட வேண்டும் என்பது ஏற்கனவே அச்சாகி இருக்கிறது! வசனத்தைத் தொடக்கூடாது. தொடாமல் வரைய வேண்டுமானால் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துத் தூரிகையை நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தும்போது அந்த வரியை நாலு தடவை வாசித்திருப்போம். நாம் உட்கார்ந்ததே அதற்குத்தானே? அந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்கத்தான் பாட்டிலைத் திறக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பொறுமையை நான் கற்றுத்தந்திருந்தால் அவள் பாட்டியின் கையெழுத்து இன்றைக்கும் அங்கே இருக்கும்.

இப்போது கமிட்டிப் பெரியவர்களுக்கு.

"பைபிளில் கிறுக்குவதே தவறு" என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பாட்டி செய்தது என்ன? உங்கள் வீட்டுப் பழைய பைபிளின் முதல் வெள்ளைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தாத்தா கல்யாணமான தேதி, பிள்ளைகள் பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, இறந்த தேதி எல்லாம் மசியில் எழுதியிருக்கும். நம் குடும்பங்களில் பலவற்றுக்கு வேறு சரித்திரமே கிடையாது. பென்சில் கோடு இல்லாத பைபிள் உங்கள் அம்மாவிடம் இருந்ததா? பாட்டி எழுதினால் பக்தி, பேத்தி வரைந்தால் பாவம் என்பது என்ன நியாயம்?

படம் என்பதும் புதிதல்ல. அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கெல்ஸ் புத்தகம் இருக்கிறது. 800-ஆம் ஆண்டு வாக்கில் துறவிகள் கையால் எழுதி வண்ணம் தீட்டிய நான்கு சுவிசேஷங்கள். நம் காலத்திலேயே, அமெரிக்காவில் மினசோட்டாவில் உள்ள ஒரு மடத்துக்காக டொனால்ட் ஜாக்சன் என்ற எழுத்தோவியரின் தலைமையில் ஒரு குழு முழு பைபிளையும் கையால் எழுதி, ஓவியங்களோடு 2011-இல் முடித்தது. செயின்ட் ஜான்ஸ் பைபிள் என்று பெயர். இவற்றை அவபக்தி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், ஜர்னலிங் தங்கச்சிமார்களும் கவனியுங்கள்: இவை இரண்டும் பதப்படுத்திய கன்றுத் தோலில் செய்தவை. தோல், வண்ணத்தைத் தாங்கும். அந்தக் காலத்துச் சுவடிகளில் பொதுவாக எழுதுகிறவர் முதலில் எழுதி, படத்துக்கென்று இடம் விட்டுவைப்பார். அந்த இடத்தில்தான் வண்ணக்காரர் வரைவார்.

நம் கதை வேறு. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. தாளோ தட்டுப்பாடு. அதனால் சின்ன எழுத்துகளாக வார்த்து அச்சடித்தார்கள். பக்கத்திலிருந்த பொறையாறில் தாள் செய்யவும் முயன்றார்கள். தாளை அப்படி எண்ணி எண்ணிச் செலவழித்துத்தான் தமிழ் வேதம் நம் கைக்கு வந்தது. இன்றைக்கும் இவ்வளவு பெரிய புத்தகம் ஒரு கையில் அடங்க வேண்டும், ஏழை வீட்டுக்கும் போக வேண்டும் என்றால் மெல்லிய தாளும் நெருங்கிய எழுத்தும்தான் வழி. இந்தப் புத்தகத்தில் ஓவியருக்கு யாரும் இடம் விட்டுவைக்கவில்லை. ஓரத்தில் கிடைக்கிற விரலளவு இடத்தில் பணிவாக வரைய வேண்டும். அதற்கு மேல் வேண்டுமானால் வேறு தாள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் கட்சி இதுதான். வரைவதைத் தடுக்காதீர்கள். மாஸ்கிங் ஃப்ளூயிட்டை பைபிள் பக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். குற்றம் கற்பித்தவர்மேல் விழட்டும், பிள்ளைமேல் வேண்டாம்.

வெறுமனே "கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனால் நான் டீச்சர் இல்லை. என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

ஒன்று. பைபிள் பக்கத்தில் முதல் இடம் கலர் பென்சிலுக்கு. லேசாகத் தீட்டினால் மறுபக்கம் தெரியாது, தாள் சுருங்காது, வசனமும் படிக்க வரும்.

இரண்டு. வாட்டர்கலர்தான் வேண்டுமென்றால், பக்கத்துக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை வையுங்கள். தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, வெளிறிய நிறத்தில் ஒரே ஒரு பூச்சு. காய்ந்ததும் மூடி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். அதே பைபிளின் கடைசி வெள்ளைப் பக்கத்து மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

மூன்று. மாஸ்கிங் ஃப்ளூயிட் மேல் ஆசையா? தாராளமாக, 300 ஜி.எஸ்.எம். தாளில். போஸ்ட்கார்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். பழைய தூரிகையைச் சோப்பு நீரில் நனைத்து எடுத்துத் தொடுங்கள், இல்லாவிட்டால் தூரிகை போயிற்று. தாள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சூடு காட்டாதீர்கள். வண்ணம் முழுசாகக் காய்ந்த பிறகு அன்றைக்கே உரித்துவிடுங்கள். அந்த அட்டையை பைபிளுக்குள் அந்தப் பக்கத்தில் செருகிவையுங்கள், அல்லது தனி நோட்டில் ஒட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ரப்பர் ஒத்துக்கொள்ளாத உடம்பு சிலருக்கு உண்டு, அவர்கள் தொடவே வேண்டாம்.

நான்கு. பாட்டி, தாத்தா வைத்துப்போன பைபிளில் எதுவும் வேண்டாம். பென்சிலும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், இல்லையென்றால் வசனத்தை உங்கள் கையால் ஒரு நல்ல தாளில் எழுதி, அதைச் சுற்றி வரையுங்கள். அவர்கள் எழுதியது ஒரு பிரதிதான் இருக்கிறது. இதை நான் படித்த விலை உங்களுக்கு வேண்டாம்.

ஐந்து. ஏற்கனவே கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகி, பிசின் இறங்கி, இன்னும் கெடுக்கும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும்தான் பழைய புத்தகங்களைச் சீர்செய்கிறவர்கள் பயன்படுத்துவது. செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த பைபிளை வாங்கிவந்திருக்கிறேன். ஓட்டையை அடைத்துவிடலாம். பாட்டியின் எழுத்தைத் திருப்பி வைக்க என்னால் முடியாது. ரப்பர் சுருளை அவள் தூக்கிப்போடவில்லை, தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். அதில் தேதியின் இரண்டு எண் இன்னும் தலைகீழாகத் தெரிகிறது.

கமிட்டி இந்த வெள்ளிக்கிழமை கூடுகிறது. நான் வருவேன். வகுப்பை நிறுத்துவது என்று முடிவெடுத்தால், காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் வரக்கூடாது. வகுப்பு தொடரட்டும் என்று முடிவெடுத்தால், வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு வழக்கம்போல ஓய்வுநாள் பள்ளி அறையில் நடக்கும். கலர் பென்சிலும் ஒரு கெட்டி அட்டையும் கொண்டுவாருங்கள். பாட்டில் எதுவும் வேண்டாம்.

ஐயா, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். அதே வாசலில், எல்லோர் முன்னாலும், அந்தப் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். முதலில் நான் பேசுகிறேன்.

மக்களே, நீ இதைப் படித்தால், சனிக்கிழமை வா. 121-ஐ நல்ல தாளில் உன் கையால் எழுதுவோம். மலையை நீ வரை.

— ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

(பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். பிள்ளையின் பெயரையோ படத்தையோ யாரும் கருத்தில் போட வேண்டாம். போட்டால் நீக்கிவிடுவேன்.)